வலித்தால் சொல்லுங்கம்மா

வலித்தால் உடனே சொல்லிவிடுங்கள் அம்மா என்று டெஸ்ட் எடுக்கிற அந்தப் பர்வீன் பெண் சொன்னபோது சரி சரி என்று தலையை ஆட்டினேன், ஆட்டும்போதே எனக்குத் தெரியும் சொல்லப்போவதில்லை என்று. காலுக்குக் கீழே பட்டை நகர ஆரம்பித்துவிட்டது. ட்ரெட்மில் என்றால் ஓட விடுவார்கள் என்று பயந்திருந்தேன், இது நடைதான், கடைவீதியில் வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிற நடை. எதிரே வெறும் சுவர். பக்கத்தில் டிவி மாதிரி ஒரு பெட்டி, அதில் என் நெஞ்சு கோடு கோடாக ஓடுகிறது, அதைப் பார்க்காதீங்கம்மா, நேராப் பாருங்க என்கிறாள், நேராகப் பார்த்தால் சுவர்தான். வருஷா வருஷம் என் வீட்டுக்காரரை இந்த ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு வருவேன். இந்த அறைக்கு வெளியே கிடக்கும் இரும்பு நாற்காலியில் அவர் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், உள்ளே பட்டை ஓடும் சத்தம் கேட்கும், கேட்டுக்கொண்டே பக்கத்து நாற்காலிப் பொம்பளைக்கு உப்பைப் பற்றியும் எண்ணெயைப் பற்றியும் பாடம் எடுப்பேன். இன்றைக்கு அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கிறார், மடியில் என் புடவை. நான் உள்ளே, இவர்கள் கொடுத்த நீலப் பைஜாமாவில், முன்பக்கம் திறக்கிற ஒரு தொளதொளச் சட்டையில், அதற்குள் ஒன்றுமே இல்லை, வெறும் உடம்பும் அதில் ஒட்டிய ஒயர்களும். ஐம்பத்தெட்டு வயதில் கால்சட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தாலிச் சங்கிலியைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிடலாமே என்று பர்வீன் கேட்டாள், கழற்ற மாட்டேன் என்றேன், அவள் வாதாடவில்லை, தினம் என்னைப் போல எத்தனை பேரைப் பார்க்கிறாளோ, சங்கிலியைப் பின்னால் தள்ளி முதுகில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டாள். அதில் கோத்திருந்த ஊக்குகளை மட்டும் எடுக்கச் சொன்னாள். சங்கிலியில் ஊக்கு மாட்டாத பெண் யார், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒன்றோ இரண்டோ வைத்திருப்போம், என்னுடையதில் ஒரு கொத்தே தொங்கியது. கறுத்தது, வளைந்தது, முனை மழுங்கியது. தூக்கிப்போட மனசு வராது எனக்கு, எதையுமே. ஒவ்வொன்றாகக் கழற்றி அவள் நீட்டிய தட்டில் போட்டேன். அப்புறம் ஜாக்கெட், அப்புறம் உள்ளாடை, அதன் பட்டை அறுந்து நான் முடிச்சுப் போட்டு வைத்திருந்தது. அவருக்கு மட்டும் தீபாவளிக்குத் தீபாவளி அரை டஜன் பனியன் எடுப்பேன். பர்வீன் அந்த முடிச்சைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அது இன்னும் கூசியது.

நான் இங்கே ஏறி நிற்பதற்கு அவர்தான் காரணம், இல்லை, டாக்டர்தான் காரணம், இல்லை, என் வாய்தான் காரணம். அவருக்கு ஸ்டென்ட் வைத்து ஐந்து வருஷம் ஆகிறது, ஒவ்வொரு தடவையும் டாக்டர் அவரைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்கெல்லாம் நான்தான் பதில் சொல்வேன், என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு நடக்கிறார், மாத்திரையை எப்போது போடுகிறார், எல்லாம் என் நுனிநாக்கில். நேற்றும் அப்படித்தான் கடகடவென்று ஒப்பித்துக்கொண்டிருந்தேன், டாக்டர் பேனாவை மூடிவிட்டு, நீங்க கடைசியா எப்பம்மா செக் பண்ணிக்கிட்டீங்க என்று கேட்டார். எனக்கென்ன டாக்டர், நான் கல்லு மாதிரி இருக்கேன் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிபி கருவியைச் சுற்றிப் பார்த்தார், மறுபடி பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், நாளைக்கு ட்ரெட்மில் என்று எழுதினார். அப்போது என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஐந்து வருஷமாகத் தனியாக மாட்டிக்கொண்ட மனுஷனுக்குத் துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது. நல்லாப் பாருங்க டாக்டர், இவளுக்கு ஒரு டெஸ்ட்டு கூட எடுத்ததில்ல, என்னையே போட்டு வறுத்து எடுக்குறா என்றார், என்றைக்கும் இல்லாத உற்சாகத்துடன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஆட்டோவில் சீண்டிக்கொண்டே வந்தார், நாளைக்கு ரிப்போர்ட் வரட்டும், உன் சமையலறைக்குப் பூட்டுப் போடுறேன் பார் என்று. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஆட்டோவின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் பெயர் ஜம்புலிங்கம், என் பெயர் அகிலாண்டம், திருவானைக்காவலில் சாமிக்கும் அம்மனுக்கும் அதே பெயர்தான், கல்யாணத்தின்போது பெயர்ப் பொருத்தமே போதும், ஜாதகம் எதற்கு என்று ஊரே கேலி செய்தது. அந்தக் கோயிலில் உச்சிக்காலத்தில் குருக்கள் புடவை கட்டிக்கொண்டு அம்மனாகப் போய்ச் சாமிக்குப் பூஜை செய்வார். எங்கள் ஊரில் அம்மனுக்கே அதுதான் வேலை. நானும் அப்படித்தான் இருந்துவிட்டேன், அதில் எனக்குப் பெருமைகூட.

கையில் கட்டிய பட்டை தானாகப் புஸ்ஸென்று உப்பி இறுக்குகிறது, விடுகிறது. பர்வீன் ஏதோ குறித்துக்கொள்கிறாள். இப்ப கொஞ்சம் ஸ்பீடு கூடும்மா, மேடும் ஏறும் என்கிறாள். மேடு ஏறுகிறது, முன்பக்கம் தூக்கிக்கொண்டு வருகிறது, சுவர் அப்படியே இருக்க என் தலை மட்டும் உயருகிறது. மேடு என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்கு எங்கள் வீட்டு மாடிப்படி ஞாபகம் வந்துவிட்டது, அதை நினைக்கக் கூடாது என்று வேறெதையோ நினைக்கப் பார்க்கிறேன், நினைவு போன மாதம் வளைகாப்புப் பந்திக்குப் போய் நிற்கிறது, அது இதைவிட மோசம். அவருடைய அக்கா பேத்திக்கு வளைகாப்பு. எனக்கு எதிர் வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். அப்பளக்காரர் அவர் இலைக்கு வந்தபோது நான் இந்தப் பக்கத்திலிருந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அவருக்குப் போடாதீங்க, அவர் ஹார்ட் பேஷண்ட் என்று சத்தம் போட்டேன். அவர் கை இலைக்கு மேலே பாதியில் நின்றது. எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ரசத்துக்குக் குழி பண்ணினார். அப்பளம் என் இலைக்கு வந்தது, அவர் பங்கும் சேர்த்து, நான் நொறுக்கித் தின்றேன், அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் யாருக்குக் கொலஸ்ட்ரால் என்றாலும் அகிலாண்டம் அக்காவைக் கேளு என்பார்கள். பொரித்த எண்ணெயை மறுபடி அடுப்பில் ஏற்றாதே, முறுக்கு மிக்சர் வீட்டுக்குள் வரவே கூடாது, உட்கார்ந்த இடத்தில் இருக்காதே, வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிபி, சுகர், கொலஸ்ட்ரால் பார், ஒன்றும் இல்லாவிட்டாலும் பார், ஒன்றும் இல்லாதபோது பார்ப்பதுதான் பார்ப்பது. எவ்வளவு அழகாகச் சொல்வேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து என்ன செய்வேன். அவருக்கு எண்ணெய் இல்லாமல் ஆவியில் வேகவைத்துத் தட்டில் வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை வடை சுட்ட எண்ணெய் சட்டியில் மிச்சம் இருக்கிறதே, ஒரு லிட்டர் என்ன விலை விற்கிறது, அதைக் கொட்ட மனசு வராமல் எனக்கு மட்டும் தனியாக வத்தக்குழம்பு வைப்பேன், மேலே எண்ணெய் மிதக்க மிதக்க. நெய் காய்ச்சின சட்டியில் அடியில் படிந்த கசடோடு சுடுசோற்றைப் போட்டுப் பிசைந்து அடுப்படியிலேயே நின்றுகொண்டு தின்பேன். பாலில் ஆடையை எடுத்துவிட்டு அவருக்குக் காபி, ஆடை எனக்கு. பார்க்க வருகிறவர்கள் பழம் வாங்கி வருவதில்லை, ஸ்வீட்தான் வாங்கி வருகிறார்கள், அவர் கண்ணில் படாமல் அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்து மத்தியானம் அவர் தூங்கும்போது ஒவ்வொன்றாகத் தீர்ப்பேன், குப்பையில் போட முடியுமா சாப்பாட்டுச் சாமானை. காலையில் அவரை நடக்க அனுப்பிவிட்டுக் கேட்டில் நின்று தெருமுனை திரும்புகிறாரா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பேன், ஒரு நாளாவது கூட நடந்தேனா. அவர் உடம்புக்கு ஆகாதது எல்லாம் என் உடம்புக்குள் போய்விட்டது. குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டியதை நான் வாங்கிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது. இந்த ஒயர்கள் ஒட்டிய இடமெல்லாம் வெட்கமாக இருக்கிறது, இந்தப் பெட்டிக்கு அந்த வத்தக்குழம்பு தெரிந்துவிடுமோ என்றுகூடத் தோன்றுகிறது.

எப்படி இருக்கும்மா என்கிறாள். நல்லாத்தான் இருக்கு என்கிறேன். பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்குகிறது, வாங்கத்தானே செய்யும், மேட்டில் நடந்தால் யாருக்கு வாங்காது. கம்பியை ரொம்ப இறுக்கிப் பிடிக்காதீங்க என்கிறாள். விடுகிறேன், மறுபடி பிடித்துக்கொள்கிறேன். இதோ வருகிறது. மாடிப்படியில் வருகிற அதே இடம், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக, அவசரமே இல்லாமல். அப்புறம் கழுத்தின் முன்பக்கம் ஏறித் தாடைக்கு வரும். சித்திரையில் ஒரு நாள் துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறியபோது முதல் தடவை வந்தது. படி திரும்புகிற இடத்தில் நின்றேன், நின்றதும் போய்விட்டது. வாய்வு என்றேன், எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன், நேற்று உருளைக்கிழங்கு சாப்பிட்டோம் அல்லவா. மறுநாளும் வந்தது. அதற்கப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன், பாதிப் படியில் வாளியை இறக்கிவைத்துவிட்டுக் கீழே அவரிடம், பேப்பர்ல என்ன போட்டிருக்கான் என்று கேட்பேன், அவர் படிக்க ஆரம்பிப்பார், அவர் படித்து முடிப்பதற்குள் வலி இறங்கிவிடும். பாவம், என் வீட்டுக்காரிக்கு இந்த வயதில் நாட்டு நடப்பில் இவ்வளவு ஆர்வமா என்று அவருக்குச் சந்தோஷம். முதுகில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டேன், சீரகத் தண்ணீர் குடித்தேன், பூண்டு வறுத்துத் தின்றேன். வாய்வு இல்லை என்று எனக்குத் தெரியாதா. பொம்பளைங்களுக்கு நெஞ்சு வலி நெஞ்சிலேயே வரணும்னு இல்ல, முதுகுல வரும், தாடைல வரும், நடந்தா வரும், நின்னா போகும், அப்படி வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று நான்தானே எதிர்வீட்டுச் சுலோச்சனாவுக்குச் சொன்னேன், இந்த ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்துப் படித்து மனப்பாடம். அவள் போனாள், அவளுக்கு ஒன்றும் இல்லை. நான் போகவில்லை. போனால் என்ன சொல்வார்கள். அகிலாண்டம் அக்காவுக்கே அடைப்பாமே என்று தெரு சிரிக்கும். அவர் சிரிப்பார். அது மட்டும் இல்லை. அவருக்கு அட்டாக் வந்தபோது ஐசியூ கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் நின்ற மாதிரி அவரால் நிற்க முடியுமா, ஒரு காபி போடத் தெரியுமா, மாத்திரைப் பெட்டியில் எது காலை எது ராத்திரி என்று தெரியுமா. நான் படுத்துவிட்டால் ஓசூரிலிருந்து எங்கள் பெண் கயல்விழி வேலையை விட்டுவிட்டு ஓடி வர வேண்டும். நான் படுக்கிற ஆள் இல்லை. ஒரு வீட்டில் ஒரு நோயாளிதான் இருக்க முடியும், அந்த இடம் காலி இல்லை. இப்படியெல்லாம் நியாயம் பேசுகிறேனே, இதில் எது நிஜம். நிஜம் இதுதான், யாருக்கும் பாரமாக நான் படுத்துக் கிடப்பதை யாரும் பார்க்கக் கூடாது, என்னை ஒருவர் பார்த்துக்கொள்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது. அவமானம். செத்தாலும் பரவாயில்லை என்று நினைக்கிற அளவுக்கு அவமானம்.

மறுபடி மேடு. இது நடை இல்லை, மாட்டுவண்டியைத் தள்ளுகிற மாதிரி இருக்கிறது. தாடைக்கு வந்துவிட்டது. பல் கூசுகிறது, கீழ்வரிசை முழுக்க. பர்வீன் பெட்டியைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், மறுபடி பெட்டியைப் பார்க்கிறாள், கையை நீட்டி ஒரு மணியை அழுத்துகிறாள், எதற்கு அழுத்துகிறாள், நான் ஒன்றும் சொல்லவில்லையே. “வலி ஏதும் இருக்காம்மா?” இல்லை என்கிறேன். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்ததில் தாடை இன்னும் இறுகுகிறது. இல்லையென்றால் இந்த வியர்வை ஏன், சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது, பிளாஸ்திரிக்கு அடியில் சங்கிலி நமைக்கிறது. இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்தால் நிறுத்திவிடுவார்கள், புடவையைக் கட்டிக்கொண்டு வெளியே போய், பார்த்தீங்களா, கல்லு மாதிரி இருக்கேன்னு சொன்னேன்ல என்று சொல்லலாம். மாடியில் பாதிப் படியில் நிற்கலாம், இங்கே நிற்க முடியாது, கால் கீழே ஓடிக்கொண்டே இருக்கிறது, யாரையும் பேப்பர் படிக்கச் சொல்ல முடியாது. டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வருகிறார். கதவு மூடுவதற்குள் வெளியே ஒரு கணம் அவர் தெரிகிறார், என் வீட்டுக்காரர், என் புடவையை மடிக்கத் தெரியாமல் சுருட்டிக் குழந்தையை வைத்துக்கொள்கிற மாதிரி மார்போடு வைத்திருக்கிறார், எட்டிப் பார்க்கிறார், முகத்தில் கேலி எல்லாம் எங்கே போயிற்று. பயந்திருக்கிறார். அவருக்குப் பயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, நேற்று ஆட்டோவில் அவ்வளவு பேசினாரே. பயந்துதான் பேசினாரா. டாக்டர் கோடுகளைப் பார்க்கிறார், என் பக்கம் திரும்புகிறார். “அம்மா, உண்மையச் சொல்லுங்க. வலிக்குதா?” மூச்சு இல்லை. இல்லை என்று சொல்லக்கூட மூச்சு வேண்டும், இருக்கிற மூச்சில் ஒரு வார்த்தைதான் சொல்ல முடியும் போலிருக்கிறது.

“வலிக்குது.”

பட்டை மெதுவாகி நின்றது. பர்வீன் இடுப்பில் கைகொடுத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்தாள், நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தாள். அந்த மாத்திரை எனக்குத் தெரியும், அவருக்காக ஐந்து வருஷமாக என் கைப்பையில் வைத்திருப்பதுதான், கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும். அது காரமாக நாக்கைச் சுடும் என்று இப்போதுதான் தெரிகிறது. தலைக்குள் இடிக்கிறது, தோள்பட்டை நடுவிலிருந்து அந்தக் கை எழுந்து போகிறது. எப்போதிலிருந்து வலி என்று டாக்டர் கேட்டார். இப்பத்தான் டாக்டர் என்றேன். பாருங்கள், வலித்துப் படுத்துக்கொண்டும் பொய். டாக்டர் என்னை நம்பவில்லை, அவரை உள்ளே கூப்பிட்டார். அவர் வந்து கால்மாட்டில் நின்றார், புடவை இன்னும் கையில். சட்டை முன்னால் விலகியிருந்தது, நான் இழுத்து மூடிக்கொண்டேன், முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தின மனுஷன் முன்னால் எனக்கு ஏன் அப்படிக் கூச வேண்டும். கோடு சரியாக இல்லை, ஆஞ்சியோ எடுத்துப் பார்க்க வேண்டும், இன்றைக்கே சேர்த்துக்கொள்கிறோம் என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார், நல்ல நேரத்தில் தெரிந்தது, இன்னும் இதயத்துக்குச் சேதம் ஆன மாதிரி தெரியவில்லை என்றும் சொன்னார். பிறகு அவரைப் பார்த்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். இவங்களுக்கு பிபி இருக்குன்னு இதுக்கு முன்னாடி யாராவது சொல்லியிருக்காங்களா. அவர் என்னைப் பார்த்தார். ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா. என்னைப் பார்த்தார். ராத்திரி சரியாத் தூங்குறாங்களா, நடந்தா மூச்சு வாங்குறாங்களா. பள்ளிக்கூடத்தில் பாடம் தெரியாமல் நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார், எனக்குப் பொறுக்கவில்லை, நான் வாயைத் திறந்தேன், நீங்க பேசாம படுங்கம்மா, சார் சொல்லட்டும் என்றார் டாக்டர். தெரியல டாக்டர் என்றார் அவர். குரல் உள்ளே போயிருந்தது. அவருக்குத் தெரியாததற்கு அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா, தெரிகிற மாதிரி நான் எதை வைத்தேன். கடைசியில் டாக்டர், இவங்க அம்மா இருக்காங்களா என்று கேட்டார். அதற்குப் பதில் தெரியும் என்பதில் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

“இல்லீங்க டாக்டர். அவங்க சுமங்கலியாப் போனாங்க.”

“சரி. எதனால போனாங்க?”

அவர் என்னைப் பார்த்தார். நான் கட்டிலுக்கு மேலே மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதனால். அம்மா போய் முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது, இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை, நான் கேட்டதில்லை. லால்குடி வீடு, தீபாவளிக்கு முந்தின வாரம், அதிரசத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தாள், உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். முதுகுல ஏறிப் பிடிச்சிருக்குடி, வாய்வு, கொஞ்சம் தேய்ச்சு விடு என்றாள். கயலுக்கு அப்போது ஆறு மாதம், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே ஒரு கையால் தேய்த்துவிட்டேன், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில். ஓம வாட்டர் கொடுத்தேன். தாடையைத் தடவிக்கொண்டே இருந்தாள், பல்வலியாம்மா என்று கேட்டேன், ஆமாம் என்றாள் என்று நினைக்கிறேன். ஐம்பத்தொரு வயது. அடுப்பில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது, அதை இறக்கு என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் திருவிழா மாதிரி. மஞ்சள் பூசி, பட்டுப்புடவை சாத்தி, தலை கொள்ளாமல் பூ வைத்து, ஊரில் இருக்கிற சுமங்கலிகள் எல்லாம் வரிசையாக வந்து அவள் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுத் தங்கள் நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். குடுத்து வச்சவ, புருஷன் மடியில பூவும் பொட்டுமா போயிட்டா என்றார்கள். அதைக் கேட்கக் கேட்க எனக்கு அழுகை நின்று ஒரு பெருமை வந்தது. நானும் தொட்டு வைத்துக்கொண்டேன். வருஷா வருஷம் ஆடியில் பூவாடைக்காரிக்கு, சுமங்கலியாகப் போனவளுக்கு, படைக்கிறோம், அம்மாவை நினைத்துப் புதுப்புடவை, வளையல், பூ வைத்து, வடை பாயசத்தோடு இலை போட்டு விழுந்து கும்பிடுவேன், கும்பிடும்போது என்ன வேண்டிக்கொள்வேன் தெரியுமா. உன்ன மாதிரியே எனக்கும் குடும்மா. அதைத்தான் கேட்டேன். இத்தனை வருஷமும் அம்மாவுக்கு வந்த அந்த வாய்வைத்தான் எனக்கும் கேட்டிருக்கிறேன். என் பக்கத்தில் கயலும் விழுந்து கும்பிடுவாள், பாட்டிகிட்ட வேண்டிக்க என்று நான்தான் அவள் தலையைப் பிடித்து அமுக்குவேன். அம்மா எதனால் செத்தாள் என்று யாராவது ஒருவர் அன்றைக்குக் கேட்டிருந்தால். அவள் வியாதியை மஞ்சள் பூசி மூடிவிட்டோம், மூடின இடத்தில் வருஷா வருஷம் விளக்கு ஏற்றினோம். இதைவிட ஒரு வெட்கம் எனக்கு இருக்கிறதா. பைஜாமாவும் அறுந்த பட்டையும் அரிசி டிரம்மும் எல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

“நெஞ்சு வலி டாக்டர்,” என்றேன். “எங்கம்மாவுக்கு நெஞ்சு வலி. நாங்க யாரும் பாக்கல.”

டாக்டர் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, உங்களுக்குப் பொண்ணு இருக்கா என்றார். இருக்கு என்றேன். வயசு கேட்டார், முப்பத்திரண்டு முடிந்துவிட்டது என்றேன். அவங்களையும் ஒரு தடவை பிபி, கொலஸ்ட்ரால் எல்லாம் பாத்துக்கச் சொல்லுங்க, இப்பவே பாக்க ஆரம்பிச்சா பயமே இல்ல என்று சொல்லிவிட்டு, படுக்கை ஏற்பாடு செய்யப் போனார். கயலுக்குப் போன் போடுங்க என்று அவரிடம் சொன்னேன். அப்புறம் சொல்லிக்கலாம், நீ இப்போ பேசாத என்றார். போடுங்க என்றேன். அவர் புடவையைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டு என் போனை எடுத்தார், இரண்டு தடவை தப்பான இடத்தில் அழுத்தினார், பிறகு என் காதோரம் வைத்துப் பிடித்துக்கொண்டார். மணி அடித்தது. வேலை நேரத்தில் நான் கூப்பிட மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும், எடுத்த எடுப்பில் அவள் குரல் பதறியது.

“அப்பாவுக்கு என்னம்மா?”

இந்தக் கேள்விக்கு ஐந்து வருஷமாக நான் சளைக்காமல் பதில் சொல்லி வந்திருக்கிறேன். அப்பா நடந்தார், அப்பா தூங்கினார், அப்பாவுக்கு உப்பு குறைத்திருக்கிறேன். அவள் என்னைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது, கோபம் வரவில்லை, நான் வளர்த்த பெண் அல்லவா. அவர் போனைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருந்தார், எங்கள் இருவர் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவருக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

“அப்பாவுக்கு ஒண்ணும் இல்லடி. எனக்குத்தான் வலிக்குது. சித்திரையிலேருந்து வலிக்குது.”